வெங்காயம் சொல்லும் சாட்சி

கேள்வி: ஆற்றுத் தண்ணீரில் விஷம் கலந்திருக்கிறதா என்று செடியை வைத்தே கண்டுபிடிக்கலாமாமே, நிஜமா?

பதில்: நிஜம்தான். அதற்கு உங்கள் அடுக்களை வெங்காயமே போதும்! நம்மை அழவைக்கும் வெங்காயம், விஷத் தண்ணீரில் தானே வேர் சுருங்கித் தவிக்கும். காய்ந்த பழைய வேரைச் சுரண்டிவிட்டு, அடிப்பாகம் மட்டும் தண்ணீரைத் தொடும்படி சோதனைக் குழாயின் வாயில் உட்கார வைக்க வேண்டும். பக்கத்திலேயே நல்ல தண்ணீரில் இன்னொரு வரிசை. சில நாளில் நல்ல தண்ணீரில் வெள்ளை வேர் நீளமாக இறங்கும். விஷத்தில் குட்டையாக நிற்கும். சிலது தூண்டில் முள் மாதிரி வளையும், நுனி வீங்கும்.

அசல் சாட்சி வேர் நுனிக்குள் இருக்கிறது. அதை நறுக்கிச் சாயமேற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், பெரிது பெரிதாக 16 குரோமோசோம்கள். விஷம் பட்டிருந்தால் அவற்றில் உடைந்த துண்டு, வழிதவறி நிற்கும் துண்டு எல்லாம் தெரியும். ஸ்வீடனின் ஆல்பர்ட் லெவன் 1938-இல் கால்ச்சிசின் என்ற ரசாயனத்தை வெங்காய வேரில் சோதித்துப் பார்த்தார். 1985-இல் கெய்ரிட் ஃபிஸ்கெஷோ இந்த வெங்காய வேர் முறையைப் பொதுச் சோதனையாகவே முன்வைத்தார்.

கருவி, நாம் தேடும் ரசாயனத்தை மட்டும் காட்டும். வெங்காயமோ கலந்து கிடக்கும் அத்தனைக்கும் சேர்த்துப் பதில் சொல்லும். எனக்கு இதுதான் பெரிய விஷயம். விஷத்தின் பெயரை அது சொல்லாது, அதற்கு ஆய்வகம் வேண்டும். நம் பள்ளிப் பிள்ளைகள் இதைச் செய்தே பார்க்க வேண்டும். இதற்கு, முளைக்காமலிருக்க மருந்து போட்ட வெங்காயத்தை மட்டும் வாங்கிவிடாதீர்கள்.