பிளான் சித்தப்பா

காலை 7.55. வள்ளூரில் ஒரு மொட்டை மாடி. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருவர் செல்போனை முகத்துக்கு நேரே பிடித்தபடி நிற்கிறார். செல்ஃபி எடுக்கிறாரோ என்று நினைத்துவிட வேண்டாம். அவருக்குப் பின்னால் தெரியும் அனல்மின் நிலையத்தில் 500 மெகாவாட் வீதம் மூன்று யூனிட்டுகள் இருக்கின்றன. அந்த மூன்றும் சேர்ந்தாலும் இந்த நேரத்தில் இவரிடம் இருக்கும் மின்சாரம் வராது. 8 மணிக்கு ரயில் முன்பதிவு திறக்கும். குடும்பம் பெங்களூரு கிளம்ப இன்னும் 60 நாள் இருக்கிறது. பதினொரு பேர். ஒரு டிக்கெட்டில் ஆறு பேருக்கு மேல் போட முடியாது. ஆகவே கீழே கூடத்தில் அண்ணன் மகன் இன்னொரு போனோடு ‘ஸ்டாண்ட்பை’யில் உட்கார வைக்கப்பட்டிருக்கிறான். கல்லூரிக்கு நேரமாகிறது என்று அவன் சொன்னது பதிவாகவில்லை.

இவர்தான் பிளான் சித்தப்பா. சில வீடுகளில் பெரியப்பாவாக இருப்பார், சில வீடுகளில் மாமாவாக. உறவுமுறை மாறும், ஆள் ஒன்றுதான்.

பொன்னேரி, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி பக்கம் இந்த இனம் சற்று அதிகம். காரணம் சிப்காட் தொழிற்பேட்டை. சித்தப்பா அங்கே ஓர் ஆலையில் மெயின்டனன்ஸ் பார்க்கிறார். வருஷத்துக்கு ஒருமுறை ஆலையை நிறுத்தி, எந்த வால்வை எந்த மணிக்கு யார் கழற்றுவது, எந்த பேரிங் கையிருப்பில் இருக்கிறது, யார் பர்மிட் வாங்குவது என்று மாதக்கணக்கில் பட்டியல் போட்டு, ‘ஷட்டவுன்’ முடித்துப் பழகிய கை அது. அந்தக் கையிடம் குடும்பச் சுற்றுலாவை ஒப்படைத்தால் வேறென்ன நடக்கும்? எக்செல் தாளில் நான்கு பத்தி விழும்: நேரம், வேலை, பொறுப்பு, ஸ்டேட்டஸ். ‘பொறுப்பு’ என்ற பத்தியில் எழுபது வயது அம்மாவின் பெயருக்கு நேரே ‘சீப்பு, விபூதி’ என்றிருக்கும். ‘கிரிட்டிகல் ஸ்பேர்’ என்று தனிப் பட்டியல் ஒன்று உண்டு. அதில் அத்தையின் மூக்குக் கண்ணாடியும் அப்பாவின் பல்செட்டும் அடக்கம்.

“ஏங்க, டூருதானே போறோம்? ஆடிட்டா வருது?” என்பார் சித்தி. சித்தப்பா அதையும் குறித்துக்கொள்வார். ஸ்டேட்டஸ்: ‘ஓப்பன்’.

எங்கே போவது என்பதில் வீட்டில் மூன்று கட்சி. அப்பாவுக்கு விஜிபியில் அசையாமல் நிற்கும் சிலை மனிதனை இன்னொரு தடவை பார்க்க வேண்டும். முப்பது வருஷத்துக்கு முன்னால் அவரைச் சிரிக்க வைக்க முயன்று தோற்ற கணக்கு பாக்கி இருக்கிறதாம். அண்ணிக்குக் கிஷ்கிந்தா நினைவு. ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ என்ற முப்பரிமாணப் படத்தை 1984-இல் தந்த நவோதயா அப்பச்சன், தாம்பரம் பக்கம் எழுப்பிய பூங்கா அது. பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனதை இன்னும் சொல்லிக்கொண்டிருப்பார். பிள்ளைகளோ பூந்தமல்லி தாண்டி இருக்கும் குயின்ஸ்லேண்டுக்கே கிளம்பத் தயார்.

இந்தக் குழப்பத்தில் 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் வொண்டர்லா திறந்துவிட்டார்கள். கொச்சியில் 2000-இல் வீகாலேண்ட் என்ற பெயரில் தொடங்கிய கதை, பெங்களூரு, ஹைதராபாத், புவனேஸ்வர் என்று சுற்றிவிட்டுச் சென்னைக்கும் வந்து சேர்ந்தது. வீடே கைதட்டியது. சித்தப்பாவின் முகம் மட்டும் தொங்கிவிட்டது.

“ஒரே நாள்ல போயிட்டு வர்ற இடத்துக்கு எதுக்குப் பிளானு?”

அவர் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. இரவு தங்கல் இல்லாத சுற்றுலாவில் அறை ஒதுக்கீடு கிடையாது, லோயர் பெர்த் கிடையாது, ‘இரண்டாம் நாள்’ என்ற தலைப்பே கிடையாது. எக்செல் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். எனவே, வடக்கே இருப்பவன் தெற்கே போகச் சென்னையை முழுக்கக் குறுக்கே கடக்க வேண்டும், அந்த நெரிசலுக்குப் பெங்களூருவே தேவலை என்றொரு வாதத்தைக் கிளப்பி, பிடதியில் இருக்கும் பழைய வொண்டர்லாவுக்கே தீர்மானம் நிறைவேற்றினார். 2005-இல் திறந்த பூங்கா. வளாகத்திலேயே தங்குவதற்கு ரிசார்ட்டும் இருக்கிறது. மூன்று நாள். ராமோஜி ஃபிலிம் சிட்டி ‘ஆப்ஷன் பி’யாகக் கோப்பில் பத்திரமாக இருக்கிறது.

அன்றிலிருந்து வேலைக்குப் போகும் லோக்கல் ரயில் நடமாடும் திட்டக் கமிஷனாகிவிட்டது. அத்திப்பட்டு புதுநகரில் ஏறியதும் பக்கத்து சீட்டுக்காரரிடம் ஆரம்பிப்பார். மீஞ்சூருக்குள் முதல் நாள் முடிந்திருக்கும். பொன்னேரியில் இரண்டாம் நாள் மதியச் சாப்பாடு. கவரைப்பேட்டையில் கேட்பவர் தூங்கியிருப்பார். கும்மிடிப்பூண்டியில் எழுப்பிவிடும் பொறுப்பும் சித்தப்பாவுடையதே.

2024 அக்டோபர் 31 வரை ரயிலுக்கு 120 நாள் முன்னதாகப் பதிவு செய்யலாம். ரயில்வே அதை 60 ஆக்கியபோது நாட்டில் பலரும் கண்டுகொள்ளவில்லை. சித்தப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவருடைய சுற்றுலாவில் பாதியை வெட்டிவிட்டார்கள் அல்லவா?

அடுத்தது லோயர் பெர்த். திரும்பி வருவது இரவு மெயிலில். ஆண்களுக்கு 60, பெண்களுக்கு 45 வயது நிரம்பியிருந்தால் கீழ்ப்படுக்கைக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. அதுவும் ஒருவராகவோ இருவராகவோ பதிவு செய்தால்தான். ஆகவே அப்பா அம்மாவுக்கு ஒரு டிக்கெட், அக்காவுக்குத் தனியாக ஒன்று என்று பிரித்தார். அக்காவுக்குப் போன் போனது.

“அக்கா, வயசு 46-னு போடுறேன்.”

“யாருக்குடா 46? 43 போடு.”

“அப்போ கோட்டா வராது. அப்பர் பெர்த்துதான். ஏறிக்குவியா?”

மறுமுனையில் நீண்ட மௌனம்.

“சரி, போட்டுத் தொலை. ஆனா அந்த டிக்கெட்டை மட்டும் குரூப்ல போடாத.”

போட்டார். பி.டி.எஃப். ஆக. இரண்டு முறை.

சித்தப்பாவின் திறமை முழுசாக வெளிப்பட்டது உயரக் கணக்கில்தான். வொண்டர்லாவில் குழந்தை டிக்கெட்டுக்கு வயதைப் பார்ப்பதில்லை, உயரத்தை அளக்கிறார்கள். 140 சென்டிமீட்டருக்குள் இருந்தால் குழந்தை, தாண்டினால் பெரியவர். தலைகீழாகத் தூக்கி வீசும் பெரிய ராட்டினங்கள் பலவற்றில் ஏறவும் ஏறக்குறைய அதே கோடுதான். ஆக, டிக்கெட் கவுன்டரில் பையன் குள்ளமாக இருக்க வேண்டும், உள்ளே போனதும் வளர்ந்துவிட வேண்டும். பார்க்கப்போனால், மத்தியதர வர்க்கத்து அப்பாக்கள் பேருந்தில் அரை டிக்கெட் காலத்திலிருந்து இந்த வித்தையைச் செய்துவருகிறவர்கள்தான். வாய்க்கு வந்த வயதைச் சொன்னால் கண்டக்டர் முறைப்பதோடு விட்டுவிடுவார். அளவுகோலிடம் அந்தப் பேச்சு நடக்காது.

அண்ணனின் இளைய மகனை வாசக்காலில் முதுகு ஒட்ட நிற்க வைத்து, தலைமேல் ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவில் நிற்கும்வரை பார்த்து, டேப் போட்டு அளந்தார். 139.2. முடியை ஒட்ட வெட்டிவிட்டால் 139-க்குள் வந்துவிடும். ‘குழந்தை’ என்று பதிவு செய்தார். ஸ்டேட்டஸ்: ‘க்ளோஸ்டு’.

துணி விஷயம் அவ்வளவு எளிதில் முடியவில்லை. தண்ணீர் விளையாட்டுகளுக்குப் பருத்தியும் புடவையும் ஆகாது, நைலான் வகைத் துணிதான் வேண்டும். இதை அத்தையிடம் சொல்ல யாருக்கும் தைரியமில்லை. சித்தப்பா சொன்னார். “எங்க வீட்டுக்காரர் முன்னாடியே நான் புடவை இல்லாம நின்னது கெடையாது, இத்தனாம் பெரிய குளத்துல போயி…” என்று தொடங்கிய பேச்சு அரை மணி நேரம் போனது. முடிவில் அத்தை ‘கரை மேற்பார்வை’ என்ற பதவியில் அமர்த்தப்பட்டார். பொறுப்பு: குளிப்பவர்களை எண்ணிக்கொண்டே இருப்பது.

புளிசாதம் இன்னொரு சிக்கல். வெளிச் சாப்பாடு உள்ளே போகாது. புளிசாதம் இல்லாமல் சுற்றுலா கிளம்பும் வழக்கம் இந்தக் குடும்பத்தில் இல்லை. அட்டவணையில் இப்படி ஏறியது: ‘10.15 - 10.35: கேட்டுக்கு வெளியே, மரத்தடி, புளிசாதம். 10.35 - 10.40: கை கழுவுதல்.’ மரம் இருக்கிறதா என்பதைச் செயற்கைக்கோள் படத்தில் பார்த்து உறுதி செய்துகொண்டார்.

உலகத்தில் இவர் மட்டும்தான் இப்படியோ என்று சித்தி நொந்துகொள்ள வேண்டியதில்லை. வால்ட் டிஸ்னி 1955-இல் கலிஃபோர்னியாவில் டிஸ்னிலேண்டைத் திறந்தார். அவர் இறந்தபின் 1971-இல் ஃபுளோரிடாவில் டிஸ்னி வேர்ல்ட் வந்தது. அங்கே பூங்காவுக்குள் இருக்கும் உணவகங்களில் மேசை பிடிக்க முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கிறது. அதிகாலையில் அலாரம் வைத்து எழுந்து, இரண்டு மாதம் கழித்து ஒரு ராத்திரி எட்டு மணிக்குப் பசிக்குமா என்று யோசித்து, மேசை பிடிக்கும் அமெரிக்கச் சித்தப்பாக்கள் ஏராளம். அதே 60. ஒரே வித்தியாசம், அவர்கள் மரத்தடி தேட வேண்டியதில்லை.

கிளம்பும் முதல் நாள் இரவு கூடத்தில் ‘டூல்பாக்ஸ் டாக்’ நடந்தது. ஆலையில் ஷிப்ட் தொடங்கும் முன் ஐந்து நிமிடம் பாதுகாப்பு பேசுவார்களே, அதுதான். யார் தொலைந்தாலும் வந்து சேர வேண்டிய ‘அசெம்பிளி பாயின்ட்’, ஒரு மணிக்கு ஒருமுறை தலையெண்ணிக்கை, போனில் சார்ஜ் 40 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது. கேள்விகள் உண்டா என்றார். ஒரு கை உயர்ந்தது.

“சித்தப்பா, ராட்டினத்துல எத்தினி மணிக்கு ஏறுவோம்?”

“11.20. ஆனா 11.05-க்கு பாத்ரூம்.”

போனார்கள். மின்சார ரயிலில் மூர் மார்க்கெட், பக்கத்தில் சென்ட்ரல், பிருந்தாவன், பெங்களூரு, அங்கிருந்து மைசூரு பாதையில் பிடதி. எல்லாம் பட்டியல்படி. இந்த இடத்தில் சித்தப்பாவைப் பாராட்டத்தான் வேண்டும். பதினொரு பேரும் பதினான்கு பைகளும் ஓர் இடத்தில்கூடத் தவறவில்லை. மரமும் சொன்ன இடத்தில் இருந்தது.

மறுநாள் காலை டிக்கெட் வாசலில் அளவுகோல். பையன் போய் நின்றான். 140.3.

பதிவு செய்த அன்று அவன் குழந்தை. இடைப்பட்ட 60 நாளில் வளர்ந்திருந்தான். பாட்டி தினமும் கொடுத்த கேழ்வரகுக் கஞ்சியை எந்தப் பத்தியிலும் சித்தப்பா சேர்க்கவில்லை. வித்தியாசத் தொகையைக் கட்டினார். பையன் இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு ஓடினான், பெரிய ராட்டினம் எல்லாவற்றிலும் ஏறலாமே! சித்தப்பா எக்செலின் கடைசித் தாளைத் திறந்து, ‘நியர் மிஸ்’ என்ற தலைப்பின் கீழ் எழுதினார்: ‘வளர்ச்சி விகிதம் விடுபட்டது.’

அதன்பிறகு உள்ளே நடந்ததற்கும் தாளில் இருந்ததற்கும் சம்பந்தம் இல்லை. அலைக்குளத்தைக் கண்டதும் அண்ணன் குடும்பம் கரைந்துபோனது. மேற்பார்வை அத்தை நைலான் சட்டை ஒன்றை வாடகைக்கு வாங்கி மாட்டிக்கொண்டு, முட்டளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தார். எழுப்ப முடியவில்லை. ஒரு மணிக்கு அசெம்பிளி பாயின்டில் தலையெண்ணிக்கை நடந்தது. மொத்தம்: ஒன்று.

மூன்று மணிவாக்கில் சித்தி தேடி வந்தபோது, அவர் ஒரு பெஞ்சில், பதினொரு ஜோடிச் செருப்புக்கும் எட்டுப் பைக்கும் நடுவே உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து ஒரு ராட்டினத்திலும் ஏறவில்லை.

“வாங்க, ஒரு தடவையாச்சும் ஏறுங்க.”

“கன்ட்ரோல் ரூமை விட்டுட்டு எப்படிம்மா வர்றது?”

முகத்தில் துளி வருத்தமில்லை. அவருக்குச் சுற்றுலா அறுபது நாளாக நடந்துகொண்டிருந்தது. மற்றவர்களுக்குத்தான் இன்று தொடங்கியது.

மூன்றாம் நாள் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பிடதியில் தட்டே இட்லி. பேருக்கேற்றபடி தட்டளவு இருக்கிறது, ஆளுக்கு இரண்டு போதும் என்று சித்தப்பா போட்ட கணக்கு அங்கே சரியாக வந்தது. ராமநகரத்துப் பாறைகளைப் பார்த்து, 1975-இல் வந்த ‘ஷோலே’யை அங்கேதான் எடுத்தார்கள் என்று அப்பா சொல்ல, பேரப்பிள்ளைகள் அது என்ன என்று கேட்டார்கள். இரவு மெயில். அக்கா கீழ்ப்படுக்கையில் அமோகமாகத் தூங்கினார். விடிவதற்குள் சென்ட்ரல், முதல் லோக்கல், மதியம் ‘பி’ ஷிப்ட்.

அந்த லோக்கல் எண்ணூரைத் தாண்டுவதற்குள் குரூப்பில் ஒரு கோப்பு வந்து விழுந்தது. ‘ராமோஜி_4 நாள்_டிராஃப்ட்_1’. எல்லோரும் தூக்கக் கலக்கத்தில் கட்டைவிரலை மட்டும் போட்டுவிட்டு செல்லை மூடினார்கள்.

உங்கள் குரூப்பிலும் அப்படி ஒன்று வந்து கிடந்தால், தயவுசெய்து திறந்து மூன்றாம் பக்கம் வரை படித்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆதார் நகல் கேட்டிருப்பார்.