கரிசல் காட்டுச் சக்கர விசாரம்

பிக்கப் வண்டிக்குப் பெரிய டயர் மாட்டலாமா, மாட்டினால் அதில் எத்தனை பவுண்டு காற்று வைப்பது என்னும் இரு வினாக்களும், கோவில்பட்டிப் பஞ்சர் கடை பெஞ்சுகளில் நாள்தோறும் விசாரிக்கப்பட்டும் இன்றளவும் முடிவு காணாத தத்துவப் பிரச்சினைகளாகவே இருந்துவருவதால், பூர்வபட்சம், சித்தாந்தம் என்னும் பழைய முறையிலேயே அவற்றைத் தீர்த்துவைப்பது லோகோபகாரமாகும் என்றெண்ணி இவ்வாராய்ச்சியில் இறங்கினேன்.

முதற்கண் உற்பத்தி விசாரம். காற்றடைத்த சக்கரத்துக்கு 1845-லேயே ராபர்ட் தாம்சன் என்பவர் காப்புரிமை பெற்றிருந்தும், அது உலகில் நிலைபெற்றது, 1888-இல் டன்லப் என்னும் கால்நடை வைத்தியர் தம் மகனுடைய மூன்று சக்கர வண்டிக்காக அதை மறுபடியும் கண்டுபிடித்த பிறகுதான். நம் நாட்டு எம்.ஆர்.எஃப். கம்பெனியோ 1946-இல் திருவொற்றியூரில் விளையாட்டுப் பலூன் செய்யும் கொட்டகையாகப் பிறந்தது. இரண்டிடத்தும் மூலம் குழந்தை விளையாட்டே என்பது பெறப்படுதலின், மீசை நரைத்தவனுக்கும் பெரிய டயர்மேல் ஆசை விடாததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இனிப் பூர்வபட்சம். டயர் பெருத்தால் வண்டி உயரும், உயர்ந்தால் சேற்றில் சிக்காது என்பர் பெருஞ்சக்கரவாதிகள். 215/75 ஆர் 15 என்று பக்கச்சுவரில் பொறித்த டயரின் விட்டம் 703.5 மில்லிமீட்டர், அதே ரிம்மில் ஏறும் 235/75-இன் விட்டம் 733.5. கூடிய முப்பதில் பாதி அச்சுக்கு மேலே போய்விடுவதால், வண்டி உண்மையில் உயர்வது 15 மில்லிமீட்டர், அதாவது ஒரு விரற்கடைக்கும் குறைவு. இந்த விரற்கடைக்காக, முள் அறுபதில் நிற்கையில் வண்டி அறுபத்திரண்டரையில் ஓடுவதையும், மேட்டில் இழுவை குறைவதையும், டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இருந்த இடைவெளி சுருங்குவதையும் அவர்கள் சகித்துக்கொள்ள வேண்டும்.

காற்றுவாதிகள் சற்றுச் சூட்சும புத்தியுள்ளவர்கள். ஒரு சக்கரத்தின்மேல் 700 கிலோ பாரம் இருக்க, டயரில் 50 பவுண்டு காற்று இருந்தால் அது தரையைத் தொடுவது ஏறக்குறைய 200 சதுர செ.மீ., அதாவது ஒற்றைச் செருப்பின் அடிப்பாகம். 25 பவுண்டாகக் குறைத்தால் ஜோடிச் செருப்பு. பரப்பு விரிந்தால் அமிழாது என்பது அவர்கள் அனுமானம். ஆனால் எவ்வளவு காற்று என்பது பாரத்தைப் பொறுத்ததாயிருக்க, அப்பாரத்தை அறிவதில் பிரத்தியட்சப் பிரமாணமே பழுதுபடுவதைக் கோவில்பட்டியில் காணலாம்: கோபுரம்போல் உயர்ந்து போகும் தீப்பெட்டி லோடு கனமற்றது, அடக்கமாகக் கிடக்கும் மக்காச்சோள மூட்டைகளோ வண்டியின் வில்பட்டையை வளைத்துவிடும்.

இரு கட்சியாரும் மறந்த மூன்றாம் பொருள் மண். மாண்ட்மோரில்லோனைட் என்னும் தாது மலிந்த கரிசல், கோடையில் கால் நுழையும்படி வெடித்துக் கிடந்து, ஐப்பசி மழையைக் குடித்ததும் பருத்து, தொட்டதைப் பற்றிக்கொண்டு விடமாட்டேன் என்னும். பதி, பசு, பாசம் என்ற மூன்றில் பாசத்தைக் கண்ணாற் காண விரும்புவோர் அக்காலத்தில் இடைசெவல் பக்கம் ஒரு வண்டிப்பாதையில் இறங்கினால் போதும்.

அப்படி இறங்கிய ஒரு நண்பரின் புதுப் பெருஞ்சக்கர வண்டியில் நானும் இருந்தேன். அச்சளவு அமிழ்ந்ததும், காற்றுவாதத்தைத் தழுவி, டயர் வாயின் நடு ஊசியைத் தீக்குச்சியால் அழுத்தினோம். ஊர்ப் பெருமையான அக்குச்சிகள் மூன்று ஒடிந்தபின் ஆணி ஒன்று அக்காரியத்தைச் செய்தது. வண்டி எழுந்து பத்து கஜம் ஓடியது. டயரின் மேற்பரப்புப் பட்டன்கள் தெரியாமல் அதைச் சுற்றி அப்பிய மண், அந்தச் சுருங்கிய இடைவெளியில் ஆப்புப்போல் இறுகிச் சக்கரத்தையே நிறுத்திவிட்டது. மம்பட்டியால் சுரண்டிக்கொண்டிருந்த எங்களை, ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டு வந்த பெரியவர் ஒருவர் வெகுநேரம் பார்த்தார்.

“எய்யா, ரெண்டு வெயிலு காயட்டும். மண்ணு தானா விட்ரும்.”

ஆகவே சித்தாந்தம் வருமாறு: டயர், கம்பெனி சொன்ன அளவே. காற்று, வண்டியில் ஒட்டிய அட்டவணையில் பாரத்துக்கேற்பச் சொன்னபடி, விடியலில் டயர் குளிர்ந்திருக்கையில் அளந்து வைப்பதே. 27 டிகிரியில் வைத்த 50 பவுண்டு, 57 டிகிரிக்குச் சூடேறினால் தானே 56 ஆகும், அதைக் கண்டு பயந்து இறக்கலாகாது. சேற்றுக்கெனக் குறைத்த காற்றை நாற்கரச் சாலை ஏறுமுன் திரும்ப அடைக்காவிடில், பாரத்தோடு விரைகையில் பக்கச்சுவர் மடங்கி மடங்கிக் கொதித்து வெடிக்கும். பெரிய டயர்தான் வேண்டுமென்பவர்க்கு, அடைமழையில் கரிசலே அதை இலவசமாய்ப் போட்டுத் தரும்.

பெரியவர் ஆட்டுக்குட்டியோடு எங்களைக் கடந்து, அந்தச் சேற்றிலேயே நிதானமாக நடந்து போனார். அவருடைய செருப்பிரண்டும் கையில் இருந்தன.