ஒரு தலை குறையுது

எங்கள் சேர்ச்சின் வாலிபர் ஐக்கிய யாப்பில், வாலிபர் என்றால் யார் என்று ஒரு விதி உண்டு: 15 வயதுக்கு மேல், 35 வயதுக்குக் கீழ். யூத் லீடர் அண்ணனுக்குப் போன சித்திரையில் 38 முடிந்தது. ஒவ்வொரு வருடப் பொதுக்கூட்டத்திலும் அவர் எழும்பி, "இந்த முறை ஆராவது இளம் ஆக்கள் பொறுப்பெடுங்கோ" என்று மனதாரக் கேட்பார். மண்டபத்தில் இருக்கும் அத்தனை இளம் ஆக்களும் தலைக்கு மேல் சுற்றும் ஃபேனை, அன்றைக்குத்தான் பூட்டியது போல, அண்ணாந்து பார்ப்பார்கள். பிறகு ஒருவன் முன்மொழிவான், ஒருத்தி வழிமொழிவாள். யாப்பை இன்னொரு வருடத்துக்கு மூடி வைத்துவிடுவோம்.

எனக்கு வயது 61. நானும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறேன். அது உறவுமுறை இல்லை, பதவிப் பெயர். இவரைப் பற்றி எழுத எனக்கு உரிமையும் இருக்கிறது: நான் ஆலயத்தின் பொருளாளர், இவருக்குக் கொடுத்த முற்பணங்களுக்கு இன்னும் பற்றுச்சீட்டு வர வேண்டும். வருகிற சீட்டுகளும் சீட்டுகள் மாதிரி இருப்பதில்லை. பாட்டுத்தாளின் பின்பக்கத்தில் "தேசிக்காய், சீனி, ஐஸ், பின்னே சில்லறைகள்" என்று இருக்கும். கூட்டிப் பார்த்தால் கணக்கு ஒருநாளும் சரிவராது. நாங்கள் கொடுத்ததைவிடச் செலவு எப்போதும் கூட. மிச்சம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், "அது எப்பிடியோ சமாளிச்சாச்சு ஐயா" என்பார். அந்த எப்பிடியோவைப் பேரேட்டில் எந்தத் தலைப்பில் போடுவது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பகலில் இவர் ஓர் அரச அலுவலகத்தில் இலிகிதர். பின்னேரம் நாலேகாலுக்கு மேல்தான் சீவியம் தொடங்கும். மோட்டார் சைக்கிளில் முதுகில் கிற்றார், முன்னால் தாங்கியின் மேல் ஒரு கறுத்தப் பை. அந்தப் பையை ஒருமுறை மேசையில் கொட்டினார். மைக் வயர் இரண்டு, ஒன்று பழுது. எது பழுதென்று தெரியாததால் இரண்டும் பயணம் செய்கின்றன. ஒரு சித்தாலேபை டப்பா. மெழுகுதிரித் துண்டுகள். யாரோ ஒரு பிள்ளையின் ஒற்றைச் செருப்பு. பத்துப் பன்னிரண்டு திறப்புகள் கோத்த வளையம். மண்டபத்தின் பூட்டை மாற்றி நாலு வருடம், பழைய பூட்டின் திறப்பு இன்னும் அதில் தொங்குகிறது. "பாவம், கிடக்கட்டும்" என்றார். பழகிய எதையும் கழற்றிவிடத் தெரியாத மனிதர்.

இவரை இப்படி ஆக்கியதில் கடலுக்கும் பங்குண்டு. 2004 டிசம்பர் 26, நத்தாருக்கு அடுத்த நாள், மட்டக்களப்பில் நாவலடியையும் கல்லடிக் கரையையும் கடல் வாரிக்கொண்டு போனபோது இவர் ஏ.எல். படித்துக்கொண்டிருந்த பொடியன். மண்டபத்தில் தங்கியிருந்த குடும்பங்களுக்குச் சோத்துப் பார்சல் கொடுக்கப் போனவர், திரும்பி வீட்டுக்கு வரவில்லை என்றே சொல்லலாம். பின்னால் தொண்டு நிறுவனங்கள் வந்தன, பயிற்சிப் பட்டறைகள் வந்தன. எங்கள் மாவட்டத்தில் ஒரு தலைமுறையே மார்க்கர் பேனையும் பிறிஸ்டல் போட்டுமாக வளர்ந்தது. நிறுவனங்கள் போய்விட்டன. பட்டறை மட்டும் இவருக்குள் நின்றுவிட்டது.

ஆகவே வேதபாடம் என்றாலும் எங்களுக்குக் குழுவேலைதான். முதலில் எல்லாரும் வட்டமாக நின்று கைதட்டி ஒரு விளையாட்டு. பெரிய ஆக்களும் தவளை மாதிரிப் பாய வேண்டும். மறுகா நாலு குழு, நாலு பிறிஸ்டல் போட். போன மாதம் யோனாவின் கதை. பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று கட்டம் கீறச் சொன்னார். மூன்றாம் குழு எழுதியதை நான் கொப்பியில் குறித்து வைத்திருக்கிறேன். பலம்: நீச்சல் (குழுவில் கருத்து வேறுபாடு உண்டு). பலவீனம்: சொன்ன ஊருக்குப் போகாமல் வேறு ஊருக்கு டிக்கெட் எடுத்தது. அச்சுறுத்தல்: மீன். வாய்ப்பு: அதே மீன். நாற்பது வருடமாகப் பிரசங்கம் கேட்கிறேன், யோனாவை இவ்வளவு சுருக்கமாக ஒருவரும் எனக்கு விளங்கப்படுத்தவில்லை.

பின்வாங்கிலிருந்து ஒரு சின்னவன் கை உயர்த்தினான். "அண்ணன், அந்த மீன் பாடுமா?"

மட்டக்களப்பில் இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் அதிசயம். 1950களில் இயேசு சபைக் குருவானவர் லாங் அடிகளார் வாவிக்குள் ஒலிவாங்கியை இறக்கிப் பதிவு செய்து, இலங்கை வானொலியிலும் ஒலிபரப்பான மீன்பாட்டுச் சத்தம் அல்லவா. அண்ணன் உடனே முடிவெடுத்தார்: வருகிற போயாவுக்குக் கல்லடிப் பாலம். 1924இல் கட்டிய பழைய பாலம், 2013இல் திறந்த புதிய பாலத்துக்குப் பக்கத்தில் தாத்தா மாதிரிச் சும்மா இருக்கிறது. நிலா, காற்று, முப்பது பிள்ளைகள், கடலைச் சுருள். பாலத்தடியில் தோணியில் இருந்த ஒருவர் தண்டைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைத்துப் பார்த்தார். "கேக்குது, கேக்குது, ஒள்ளுப்பம் பேசாம இருங்க மனே" என்றார். பேசாமல் இருப்பதா? அண்ணன் கிற்றாரை எடுத்தாயிற்று. ஒன்றரை மணித்தியாலம் பாடினோம். வாவியின் மீன்கள் அன்றைக்குப் பாடினவோ இல்லையோ, எங்கள் பாட்டை முழுதாகக் கேட்டிருக்கும்.

நேரம் பற்றிய இவரது கணக்கு தனி. மூன்று மணிக் கூட்டம் என்றால் நோட்டீசில் இரண்டரை என்று போடுவார். பிள்ளைகளுக்கு அது தெரியும். அவர்கள் மூன்றரைக்கு வருவார்கள். அவர்களுக்குத் தெரியும் என்பது இவருக்குத் தெரியும். அடுத்த முறை இரண்டு என்று போடுவார். இப்படியே போனால் இன்னும் சில வருடத்தில் பின்னேரக் கூட்டத்துக்குக் காலைச் சாப்பாட்டுக்கு முன்னே அழைப்பு வரும். இதற்கிடையில் ஞாயிற்றுக்கிழமை டியூசன் என்ற பெரும் பகை வேறு. வாசலில் நின்று கெஞ்சுவார். "மனே, எண்ட பிள்ளை இந்த வருசம் ஓ.எல். எழுதி முடிக்கட்டும், மறுகா முழுக்க உங்களுக்குத்தான்" என்பார் தாய். மறுகா ஏ.எல். வரும். அதற்கும் மறுகா விசா வரும். வாலிபர் வட்ஸ்அப் குழுவில் நூற்றுச் சொச்சம் பேர். கூட்டத்தில் இருபத்துச் சொச்சம். மிச்சம் பேர் டோகாவிலும் டொரன்டோவிலும் இருந்துகொண்டு, கூட்டம் எப்படி நடத்த வேண்டும் என்று குரல்பதிவு அனுப்புவார்கள். அண்ணன் ஒவ்வொன்றுக்கும் "ஓம் தம்பி, நல்ல யோசனை" என்று பதில் போடுவார். அவர்களில் ஒருவரையும் குழுவிலிருந்து நீக்கியதில்லை. பழைய திறப்பு ஞாபகம் வருகிறதா?

டிசம்பர் வந்தால் கரோல். எங்கள் பக்கத்தில் நத்தாரும் மாரி மழையும் கூடப்பிறந்தவை. சின்னப் பட்டா லொறியில் தறப்பாள் கட்டி, கீபோட்டைப் பொலித்தீனால் சுற்றி, இருபது பேர் நெருக்கியடித்துக்கொண்டு புளியந்தீவிலிருந்து புறப்படுவோம். நத்தார் தாத்தாவாக எப்போதும் ஆக மெலிந்த பொடியன்தான் அமைவான். குண்டன் கீபோட் வாசிப்பான். காத்தான்குடிக் கடையில் வாங்கிய சிவப்புத் துணி முதல் மழையிலேயே சாயம் விடும். இரண்டாவது வீட்டுக்குள் பஞ்சுத் தாடி ஊறி நெஞ்சுக்கு இறங்கும், ஐந்தாவது வீட்டில் தாத்தா தாடியைப் பிழிந்துவிட்டுத்தான் உள்ளே போவார். வீட்டுக்கு வீடு பிளேன்டீ, கேக். பன்னிரண்டாவது வீட்டில் பாட்டுக்குழுவில் பாதிப்பேரின் ஒரே வேண்டுதல் கழிப்பறைத் திறப்பு.

மாவட்டத்தில் நாங்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. ஆனால் லொறி நிற்காத வீட்டிலிருந்து அடுத்த நாள் புகார் வரும். போன வருடம் பிள்ளையார் கோயிலடி அம்மா ஒருவர் அண்ணனைச் சந்தையில் மறித்தார்: "ஏன் மனே எங்கட வளவுக்கு மட்டும் வரல்ல? ரவை கேக் அடிச்சு வச்சிட்டுப் பத்து மணிவரைக்கும் முழிச்சிருந்த நான்." அண்ணன் மன்னிப்புக் கேட்டு, மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு ஜனவரி இரண்டாந் திகதி போய்ப் பாடிவிட்டு வந்தார். கேக் அப்போதும் இருந்ததாம்.

கலியாணப் பேச்சு இவர் வீட்டில் பத்து வருடப் பழசு. தரகர் கேட்டார், "வேலை சரி, சம்பளம் சரி. வெள்ளி பின்னேரம் பாட்டுப் பழக்கம், சனி கெம்ப், ஞாயிறு சேர்ச். தம்பி வீட்டில நிக்கிறது எப்ப?" தாய்க்குப் பதில் இல்லை. "இவன்ட கூட்டத்தில பாடின பிள்ளையள் எல்லாம் அங்கயே சோடி சேர்ந்து கலியாணமும் முடிச்சிட்டுதுகள். அதுகள்ட பிள்ளையளுக்கு இப்ப இவன் பாட்டுப் பழக்குறான்" என்று மட்டும் என்னிடம் சொன்னார். காதலுக்கு எதிராக வருடம் ஒருமுறை அண்ணன் விசேட வகுப்பு எடுப்பதையும் சொல்ல வேண்டும். வருகை அன்றைக்குத்தான் உச்சம்.

வருடத்தில் ஒருதரம் வரலாற்று நடை. புளியந்தீவில் வில்லியம் ஓல்ட் சிலையடியில் பிள்ளைகளை நிறுத்தி, 1814இல் இந்தக் கரைக்கு வந்த மெதடிஸ்த போதகர், பள்ளிக்கூடங்களைத் தொடங்கி, 1815இல் இங்கேயே இறந்துபோனதைச் சொல்வார். ஒரு முழு வருடம்கூட இல்லை. "அந்த மனிசன் கொஞ்ச மாதத்தில செய்ததை நாங்க..." என்று குரல் தழுதழுக்கத் தொடங்கும்போது பிள்ளைகள் சிலையோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பார்கள். நான் மனதுக்குள் கழித்துப் பார்த்தேன்: அண்ணன் இந்தப் பதவியில் 14 வருடம்.

ஒன்றைச் சிரிக்காமல் சொல்கிறேன். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலை, சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஞாயிறு பாடசாலை முடிந்து முற்றத்தில் நின்ற பிள்ளைகள் பலர் போனார்கள். எங்கள் சேர்ச்சுக்கும் அதற்கும் தூரம் அதிகமில்லை. அன்றைக்கு இவர் ஒரு துண்டுக் காகிதத்தோடு வீடு வீடாகப் போய் எங்கள் பிள்ளைகளின் பெயரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அடையாளம் போட்டார். அந்தக் காகிதம் முடிந்த பிறகும் கை நிற்கவில்லை. இப்போதும் வாசலில் மேசை போட்டு நின்று, பிறந்த நாள் முதல் தெரிந்த மாமிமாரின் கைப்பைகளைத் திறந்து பார்ப்பார். உள்ளே இஞ்சி டொபியும் மூக்குக்கண்ணாடிக் கூடும் இருக்கும். பார்த்துவிட்டு, "மன்னிச்சுக்கொள்ளுங்க மாமி" என்பார். பிள்ளைகள் எங்கே கூடினாலும் பாட்டுக்கு முன் எண்ணுவார், ஜெபத்துக்குப் பின் எண்ணுவார், பஸ்ஸில் ஏற எண்ணி இறங்க எண்ணுவார்.

போன ஓகஸ்ட் விடுமுறைக்குப் படுவான்கரையில் மூன்று நாள் நிகழ்ச்சி. நோட்டீசில் முதலில் "வாலிபர் முகாம்" என்றுதான் போட்டிருந்தார். ஒரு அம்மம்மா வாசித்துவிட்டு, "எந்த முகாம் மனே? ஆமி முகாமோ, அகதி முகாமோ? ரெண்டிலயும் இருந்தாச்சு, பேத்தியை விடமாட்டன்" என்று சொல்லிவிட்டார். "கெம்ப்" என்று மாற்றினார். ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர் வந்து, அழகான தமிழ்ச்சொல் இருக்க இது எதற்கு என்று அரை மணித்தியாலம் சண்டை பிடித்தார். கடைசியில் "மூன்று நாள் போய் வருதல்" என்று அச்சடித்தோம்.

குருமண்வெளித் துறையில் பாதை ஏறினோம். எங்கள் ஊரில் பாதை என்றால் தெரு இல்லை. வாவியைக் கடக்கும் மிதவை. ஆள், மாடு, மோட்டார் சைக்கிள் எல்லாம் ஏறும். போகும்போதே அண்ணன் ஒரு சின்னப் பிரசங்கம் வைத்தார்: வாழ்க்கையில் சரியான பாதையைத் தவறவிடக் கூடாது. படுவான்கரைப் பொடியன் ஒருவன் ஆறுதலாகச் சொன்னான், "ஒண்டு போனா என்ன அண்ணன், கொஞ்ச நேரத்தில மற்றப் பாதை வரும்தானே."

மண்டூரில் இறங்கி எண்ணினார். பட்டியலில் 43. எண்ணிக்கை 42. முகம் வெளுத்துவிட்டது. தண்ணீரைத் திரும்பிப் பார்த்தார். எல்லாரையும் வரிசையில் நிறுத்தித் தலையைத் தொட்டுத் தொட்டு மறுபடி எண்ணினார். 42. "ஒரு தலை குறையுது ஐயா" என்றார் என்னிடம், குரலே வரவில்லை. என்னை அந்தப் பட்டியலில் யாரும் சேர்ப்பதில்லை, ஆகவே நானும் எண்ணிப் பார்த்தேன். 43 வந்தது.

எங்களோடு வந்து இறங்கிய ஒரு பெரியவர், மரக்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, பரமார்த்த குருட சீசப்பிள்ளையளும் ஆத்தைக் கடந்து இப்பிடித்தான் எண்ணினவங்க. உன்னையும் சேர்த்து எண்ணு. அந்தக் கதையை எழுதினதும் உங்கட வீரமாமுனிவர் சாமிதானே."

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த நேரத்திலும் திருத்தம் சொல்லாமல் விடவில்லை. "அவர் கத்தோலிக்கச் சாமி ஐயா, நாங்க மெதடிஸ்த."

இரவு தேநீருக்குப் பிறகு வழக்கம்போலப் பாட்டுத்தாளின் பின்பக்கத்தில் கணக்கு வந்தது. ரோல்ஸ் 42.

"43 பேருக்கா?" என்று கேட்டேன்.

"அயத்துப் போச்சு ஐயா" என்றார், யாரோ பாதி கடித்துவிட்டுக் கொடுத்த பணிசைச் சப்பிக்கொண்டு. நான் 42 என்றே கொப்பியில் எழுதிக்கொண்டேன்.