இரண்டாம் பாகத்தின் எதிரி

புத்தகக் கடையின் சிறுவர் பகுதியில் நாற்பது தாண்டிய ஒருவர் தலையில் அடித்துக்கொண்டு நின்றால், அவர் கையிலிருப்பது ஏதோ ஒரு இரண்டாம் பாகம் என்று துணிந்து சொல்லலாம். பத்து வயதில் பட்ட ஏமாற்றத்தை இன்னும் ஆறவிடாமல் வைத்திருப்பவர். "முதல் பாகத்தோட நிறுத்தியிருக்கலாம் சார்" என்பார். நாம் யாரென்றே அவருக்குத் தெரியாது, அதனால் என்ன?

வழக்கு ரோல்ட் டால் மீது. 1964-இல் வந்த 'சார்லி அண்ட் த சாக்லேட் ஃபேக்டரி' அவருக்கு வேதம். 1972-இல் வந்த 'சார்லி அண்ட் த கிரேட் கிளாஸ் எலிவேட்டர்' பச்சைத் துரோகம். "சாக்லேட் ஆறு ஓடுற ஃபேக்டரியையே பையனுக்குக் கொடுத்தாச்சு. அடுத்து அதைச் சுத்திக் காட்ட வேண்டாமா? இந்த மனுஷன் லிஃப்டை விண்வெளிக்கு ஏத்திட்டார்!" அங்கே ஒரு ஹோட்டல், ஆளை விழுங்கும் ஜந்துக்கள்; கீழே அமெரிக்க ஜனாதிபதி, அவரை வளர்த்த ஆயா. சார்லி? அட்டையில் பெயர் கொடுத்ததோடு அவன் வேலை முடிந்ததாம்.

ஹோட்டலில் லிஃப்ட் கதவுகள் திறக்க, அந்த ஜந்துக்கள் உடம்பை வளைத்து எழுத்துகளாக நின்று மிரட்டும் இடம் எனக்குப் பிடிக்கும். அதை அவரிடம் சொல்வதில்லை.

தீராத கோபம் கட்டிலே கதியாகக் கிடக்கும் சார்லியின் தாத்தா பாட்டிகள்மீதுதான். முதல் பாகத்தில், ஃபேக்டரிக்குள் போக கோல்டன் டிக்கெட் வந்ததும் ஜோ தாத்தா ஒரே துள்ளலில் கட்டிலை விட்டு இறங்கினார். மற்ற மூவரை இறக்க ஒரு முழுப் புத்தகம்! அதிலும் அந்த மாத்திரைக் கணக்கு. ஒன்று போட்டால் இருபது வயது குறையும். 78 வயது ஜார்ஜினா பாட்டி நாலு போட்டு மைனஸ் 2 ஆகிறாள். மீட்கப் போய் 358 ஆக்கிவிடுகிறார் ஃபேக்டரியைக் கொடுத்த வாங்கா. எல்லாம் மனப்பாடமாகச் சொல்வார். வேதத்தில் டிக்கெட் கிடைத்த ஐந்து பிள்ளைகள் யார் யார் என்று கேளுங்கள், நாலாவது பெயரில் தடுமாறுவார். அவர் வீட்டில் வேதம் புத்தம் புதிதாக இருக்கிறது. துரோகத்துக்குத்தான் முதுகில் மூன்று சுற்று செல்லோடேப்.

சார்லியை வெள்ளை மாளிகைக்கு அனுப்பும் மூன்றாம் பாகத்தை டால் முதல் அத்தியாயத்தோடு விட்டுவிட்டார் என்று சொன்னேன்.

"நல்லவேளை, தப்பிச்சோம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த ஒரு அத்தியாயம் எங்க சார் கிடைக்கும்?"