சுடலைக்கு வந்த யோகம்

பேரன் என்பதைப் பெயரன் என்று எழுத வேண்டும், பாட்டனின் பெயரைச் சுமக்கிறவன் என்று அதற்குப் பொருள் என்பதெல்லாம் எங்கள் தலைமுறைக்குத் தமிழய்யா சொல்லித் தெரியவேண்டிய சங்கதியாக இருக்கவில்லை. தொட்டிலில் போட்டபோதே அது எங்கள் தலையில் ஏறிவிட்டது. மூத்தவனுக்கு அப்பாவைப் பெற்றவர் பெயர், அடுத்தவனுக்கு அம்மாவைப் பெற்றவர் பெயர், பெண்ணாகப் பிறந்தால் அதே வரிசையில் பாட்டிமார் பெயர். பெயர் வைக்கிற அன்றைக்கு யாரும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றதில்லை. என்ன, வைத்த பெயரைக் கூப்பிடத்தான் வழியில்லை. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லலாமா? அதனால் வீட்டில் ராசா, தம்பி, மணி என்று ஏதோ ஒன்று ஒட்டிக்கொள்ள, ஒன்றாம் வகுப்பில் ஆஜர் எடுக்கும்போது தன் பெயர் எது என்று தெரியாமல் பக்கத்தில் இருப்பவன் முகத்தைப் பார்க்கும் பிள்ளைகள் தெருவுக்கு நாலு பேர் இருந்தோம்.

கட்டிய புருஷன் பெயர் இன்னும் ஒரு படி மேலே. வாக்காளர் பட்டியல் எடுக்க வந்த வாத்தியார் திண்ணையில் உட்கார்ந்து, "வீட்டுக்காரர் பேரு?" என்று கேட்க, என் பெரியம்மா சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, "திருச்செந்தூர்ல நிக்காகள்லா, அவுக பேருதான்" என்றாள். வாத்தியாரும் சளைக்காமல் சுப்பிரமணியனா, செந்திலா, சண்முகமா, முருகனா என்று அடுக்கிக்கொண்டே போக, பெரியம்மா ஒவ்வொன்றுக்கும் தலையை இடவலமாக ஆட்டிவிட்டு, கடைசியில் முற்றத்தில் கோலி விளையாடிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, "ஏலே, ஒங்க பெரியப்பா பேரச் சாருக்குச் சொல்லு" என்றாள். "ஆறுமுகம்" என்று கத்தினேன். அவர் எழுதி முடித்துப் பேனாவை மூடுகிற வரைக்கும் பெரியம்மா நிலைப்படியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்தக் காலத்தில் பெயரைச் சொன்னால் ஊரைச் சொல்லிவிடலாம். ரயிலில் எதிரே உட்கார்ந்தவர் நெல்லையப்பன் என்றாலோ, கூட வந்த அம்மாள் காந்திமதி என்றாலோ மேற்கொண்டு விசாரிக்க வேண்டியதில்லை. கோமதி சங்கரன்கோவில், உலகம்மாள் தென்காசி, தையல்நாயகி வைத்தீஸ்வரன்கோவில், நீலாயதாட்சி நாகப்பட்டினம், தாயுமானவன் திருச்சி. நாகூர் மீரானுக்கு ஊரே பெயரில் இருந்தது. ஆரோக்கியமேரிக்குப் பின்னால் வேளாங்கண்ணிக்குப் போட்ட ஒரு நேர்த்திக்கடன் இருந்தது. அடுத்தடுத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்தவள் பிழைத்த குழந்தையைக் குப்பைமேட்டில் ஒரு புரட்டுப் புரட்டி எடுத்துக் குப்புசாமி என்றோ, அக்கம்பக்கத்தில் மடியேந்தி வாங்கி வந்து பிச்சை என்றோ பெயர் வைப்பாள். மதிப்பில்லாத சரக்கு என்று எமன் விட்டுவிட்டுப் போய்விடுவானாம். நாலாவதும் பெண்ணாகப் பிறந்தால் போதும்பொண்ணு. அது கடவுளுக்கு எழுதிய மனு. அந்த மனுவைக் காலமெல்லாம் பெயராகத் தூக்கிக்கொண்டு அலைந்தவளைத்தான் யாரும் கேட்கவில்லை.

எனக்கு வாய்த்தது தாத்தாவின் பெயர். அது ஊர்க் காவல் தெய்வமான சுடலைமாடனின் பெயரும்கூட. வருஷந்தோறும் கொடைக்கு வில்லுப்பாட்டுக்காரர் விடிய விடியப் பாடுகிற சாமி என்பதால், ஊரில் இருந்தவரை அந்தப் பெயருக்கு ஒரு கம்பீரம் இருந்தது. பாளையங்கோட்டைக்குப் படிக்கப் போனதும் அந்தக் கம்பீரம் பஸ் ஏறி ஊருக்கே திரும்பிப் போய்விட்டது. விடுதியில் கூட இருந்தவர்கள் இளங்கோவன், செழியன், மணிமாறன். மேடைகளைப் பார்த்தால் நாராயணசாமியாகப் பிறந்தவர் நெடுஞ்செழியனாகவும், ராமையாவாகப் பிறந்தவர் அன்பழகனாகவும் முழங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் முன்பே வேதாசலம் மறைமலையடிகளாகி, 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிவிட்டிருந்தார். நான் மட்டும் சுடுகாட்டுப் பெயரோடு சோற்றுத்தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் நிற்பதா? விடுதிக் கையெழுத்துப் பத்திரிகையில் வேந்தன் என்று முடியும் ஒரு பெயரில் கவிதை எழுதினேன். எந்த நாட்டு வேந்தன் என்று கேட்பாரில்லை. மெஸ் பாக்கி வைத்திருந்த வேந்தன். விடுமுறையில் பத்திரிகையைத் தாத்தாவிடம் காட்டியபோது, கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, "யாருடே இந்தப் பய, நல்லா எழுதுதானே" என்றார். சொல்ல நாக்கு எழவில்லை.

அந்தக் காலத்துப் பெயரெல்லாம் தங்கம் என்று சொல்ல வரவில்லை. பண்ணை வீட்டில் பிறந்தால் முனுசாமி, சேரியில் பிறந்தால் அதே சாமியின் பெயர் முனியன் என்று வெட்டிக் கொடுத்த காலமும் அதுதான். சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து கழற்ற வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. அதைக் கேட்டுத் தமிழ்நாடு பெயரின் வாலை நறுக்கிக்கொண்டதை போன நூற்றாண்டின் நல்ல காரியங்களில் ஒன்றாகவே கருதுகிறேன். வால் போன இடத்தில் அப்பா பெயரின் முதல் எழுத்து தலைமாட்டில் புள்ளியோடு வந்து உட்கார்ந்தது. சாதியைத் தெரிந்துகொள்ளத் துடிக்கிறவர்கள் மட்டும், "தம்பிக்கு எந்தத் தெரு?" என்று சுற்றி வளைத்துக் கேட்கக் கற்றுக்கொண்டார்கள்.

என் முறை வந்தபோது, என் மகனுக்கு அவன் தாத்தா பெயரை வைக்கவில்லை. வடமொழியா தமிழா என்று அடையாளம் காண முடியாத, இரண்டரை எழுத்தில் வாய்க்குள் கரைந்துவிடுகிற ஒரு நாகரிகப் பெயர் வைத்தோம். அவன் தலைமுறை அடுத்த படிக்குப் போய், எண் கணிதக்காரர் சொன்னபடி ஆங்கிலத்தில் ஒரு எழுத்தை இரட்டித்து, ஷ்கள் இரண்டும் யா ஒன்றும் வருகிற மாதிரி என் பேத்திக்குப் பெயர் வைத்தது. அந்தப் பெயரைத் தெருமுனையிலிருந்து கூப்பிட முடியாது. பொழுது சாய்ந்ததும் வாசலில் நின்று "ஏ முருகாஆஆ" என்று அம்மாக்கள் இழுத்தால் குளத்துக்கரை வரைக்கும் கேட்கும். ஷ்ஷில் முடிகிற பெயரை எங்கே இழுப்பது? இப்போது பிள்ளைகளைத் தேடுவதற்குக் கைபேசி இருக்கிறது என்பதால் நஷ்டம் ஒன்றுமில்லைதான்.

இப்படி மூன்று தலைமுறையாகப் பாடுபட்டு நாங்கள் ஒழித்துக்கட்டிய வழக்கத்தைப் பாஸ்போர்ட் அலுவலகம் ஒரு சின்னக் கட்டத்தை வைத்து மீட்டுவிட்டது. சர்நேம் என்ற கட்டம். குடும்பப் பெயர் இல்லாதவன் கிளம்பவே முடியாது என்று கவுண்டரில் சொல்ல, அமெரிக்காவுக்குப் போகிற அவசரத்தில் மகன் அதில் என் பெயரை முழுசாக எழுதிவிட்டான். சதுரங்கத்தில் உலகத்தை வென்ற ஆனந்தையே அவருடைய அப்பா பெயரான விஸ்வநாதனைச் சுருக்கி விஷி என்று கூப்பிட்ட உலகம், என் மகனை விடுமா? அலுவலகத்தில், வங்கியில், பல் வைத்தியரிடத்தில், எங்கே போனாலும் அவன் மிஸ்டர் சுடலை. இருக்கிற ஒரே பெயரைச் சர்நேம் கட்டத்தில் எழுதி மற்றதைக் காலியாக விட்டவர்கள் பாடு இன்னும் மோசம். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கமான எஃப்.என்.யூ. அவர்களுடைய விசாவில் பெயராகவே ஏறி, அந்த ஊரில் எத்தனையோ பேர் எஃப்.என்.யூ.வாக உலவுகிறார்கள். ஐஸ்லாந்துக்காரர்கள் இன்றைக்கும் அப்பா பெயரோடு மகன், மகள் என்று சேர்த்துக்கொண்டு, தொலைபேசிப் புத்தகம் அச்சிட்ட காலத்தில் அதையும் சொந்தப் பெயர் வரிசையிலேயே போட்டு மானத்தோடு இருக்கிறார்கள். துருக்கியில் 1934இல் ஆளுக்கொரு குடும்பப் பெயர் வேண்டும் என்று சட்டம் போட்டபோது, முஸ்தபா கெமாலுக்கு அத்தாதுர்க், அதாவது துருக்கியரின் தந்தை, என்று நாடாளுமன்றமே பெயர் கொடுத்தது. நமக்கு அந்த வசதியெல்லாம் இல்லை. விண்ணப்பம் நிரப்புகிறவன் பேனா எங்கே ஓடுகிறதோ அதுதான் வம்சத்தின் பெயர்.

போன வருஷம் பேத்தியின் வகுப்பில், அவரவர் குடும்பப் பெயருக்கு அர்த்தம் கேட்டு வரச் சொன்னார்களாம். மகன் இங்கே நடுராத்திரி என்று பாராமல் போன் போட்டான். "அப்பா, சுடலைன்னா சுடுகாடுதானே? அதையா எழுதச் சொல்றது?" எனக்குப் பழைய விடுதி வராந்தா ஒரு கணம் கண்முன் வந்துபோனது. "காவல் தெய்வம்னு எழுதச் சொல்லு. ராத்திரி முழுக்க முழிச்சிருந்து ஊரைப் பாத்துக்கிடுத சாமி. குதிரை, கையில வல்லயம் எல்லாம் உண்டுன்னும் சேத்துக்கோ" என்றேன். மறுநாள் பேத்தி வாட்ஸப்பில் குரல் அனுப்பியிருந்தாள். வகுப்பில் ஸ்மித்துக்குக் கொல்லன், டெய்லருக்குத் தையல்காரர், மில்லருக்கு மாவு அரைக்கிறவர், ஜான்சனுக்கு யாரோ ஒரு ஜானின் மகன் என்று வந்ததாம். தெய்வம் என்று வந்தது அவளுக்கு மட்டும்தானாம். தாத்தாவும் அந்தச் சாமியும் ஒரே ஆளா என்று கேட்டிருந்தாள். ஆமாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆகவே, வீட்டில் யாராவது பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கிறார்கள் என்றால், சர்நேம் கட்டத்தில் இனிஷியலின் ஒற்றை எழுத்தைப் போட்டு ஒப்பேற்ற விடாதீர்கள். அப்பா பெயரை முழுசாகவே எழுதச் சொல்லுங்கள். நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் அர்த்தம் கேட்பார்கள்.