ஐம்பது, இரண்டாயிரம், சுழியம்

திருவண்ணாமலையில் பௌர்ணமி இரவில் அடி அண்ணாமலையைக் கடந்து லட்சக்கணக்கானோர் கிரிவலம் நடக்கிறார்கள். 14 கிலோமீட்டர் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால் புண்ணியம். வயதுவந்தோர் கல்வியை நம் அரசுகளும் இப்படித்தான் வலம் வருகின்றன. என்ன, புண்ணியம் அரசுக்கு. கால்வலி மட்டும் கற்பிப்பவருக்கு.

1978 அக்டோபர் 2-ல் தேசிய வயதுவந்தோர் கல்வித் திட்டம் புறப்பட்டது. இரவில் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு மையம் நடத்தியவருக்கு மாதம் 50 ரூபாய். சம்பளம் என்று சொன்னால் நாளை உரிமை கேட்பார்களே! அதனால் மதிப்பூதியம் என்றார்கள். 2009-ல் சாக்ஷர் பாரத் வந்தது. ஊராட்சி மையத்தைக் கவனித்த ‘பிரேரக்’குக்கு மாதம் 2000. 2018 மார்ச் 31-ல் கடையைக் கட்டினார்கள். பிரேரக் வீட்டுக்குப் போனார். 2022-ல் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம். இதில் கற்பிப்பவர்கள் எல்லாரும் தன்னார்வலர்கள், ஊதியம் சுழியம். மதிப்பு மட்டும் குறையவே இல்லை. மேடைக்கு மேடை வாரி வழங்குகிறார்கள்.

கையில் காலணா கொடுக்காதவர்களுக்குத் திடீரென்று ஒரு கவலை: கற்பிப்பவரின் திறன் போதவில்லையாம். பணியே இல்லாதவருக்குப் பணித்திறன் மேம்பாடு!

அந்தப் பயிற்சி எப்படி நடக்கும் என்பது ஒருமுறை போனவர்களுக்கும் தெரியும். குத்துவிளக்கு, பொன்னாடை, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை. பிறகு கருத்தாளர் எழுந்து, “பெரியவர்களுக்கு ஒருபோதும் உரையாற்றாதீர்கள், அவர்களைப் பேச விடுங்கள்” என்று மூன்று மணி நேரம் உரையாற்றுவார். எதிரே இருப்பவர்களும் பெரியவர்கள்தான் என்பது அவர் நினைவுக்கே வராது. மதியம் தயிர்சாதம். மாலையில் சான்றிதழோடு குழுப் படம். அத்துடன் ஒரு கட்டளை: வகுப்புப் படங்களைத் தவறாமல் செயலியில் ஏற்றுங்கள். செல்போனும் உங்களுடையது, டேட்டாவும் உங்களுடையது, கணக்கு மட்டும் எங்களுடையது.

சொல்லித்தர வேண்டியது எதுவும் அங்கே சொல்லித்தரப்படுவதில்லை. கிரிவலப் பாதையில் பூவும் டீயும் விற்கும் பெண்ணுக்கு வயது ஐம்பது என்று வையுங்கள். அவருக்கு உயிரெழுத்துக்கு முன்னால் வெள்ளெழுத்து வந்து நிற்கிறது. முதல் நாள் தேவை கண்ணாடி, வருவது பாடநூல். மனக்கணக்கில் யாரையும் தோற்கடிக்கக்கூடியவரிடம் ஒன்றாம் வகுப்புக் குரலில் “அணில், ஆடு” என்றால் மறுநாள் ஏன் வரப்போகிறார்? மகளிர் குழுப் பாஸ்புக்கையும் கடன் பத்திரத்தையும் விரித்து, “உங்களை எங்கே கைநாட்டு வைக்கச் சொன்னார்கள்?” என்று கேட்டால் வருவார். கற்பவரின் வாழ்க்கையிலிருந்து தொடங்கு என்று பிரேசிலின் பாவ்லோ ஃப்ரைரே சொல்லி அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. நம் பயிற்சி அரங்குகளில் அவர் பெயர் ஸ்லைடில் வரும், போகும். கற்க வரும் பெண்களுக்குப் பௌர்ணமியன்று வியாபாரம், நடவு அறுப்பில் கூலி. வகுப்பு எந்த நாளில் நடக்கும் என்பதைக்கூட அந்தப் பெண்கள் தீர்மானிக்க முடியாது. தேர்வு நாள் மட்டும் தவறாமல் வந்துவிடும், 150 மதிப்பெண்ணுடன்.

2011 கணக்கெடுப்பில் திருவண்ணாமலை மாவட்டப் பெண்களின் எழுத்தறிவு 65 விழுக்காடு. மூன்றில் ஒருத்திக்கு எழுத்து எட்டவில்லை. ஆர்வத்தை நம்பி விட்டுவிடக்கூடிய எண்ணிக்கையா இது?

“அறிவொளி எழுத்தறிவு இயக்கமும் தன்னார்வலர்களால்தானே நடந்தது?” என்று கேட்கும் அதிகாரிகள் உண்டு. ஆம், நடந்தது. 1991-ல் புதுக்கோட்டையில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் ஊர் ஊராகப் போனார். கல்குவாரிப் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். பாட்டும் வீதி நாடகமுமாக ஒரு மாவட்டமே கிளம்பியது. அது மக்கள் மனமுவந்து தந்த உழைப்பு. அந்த எழுச்சி அடங்கிய பிறகு, கற்றதை மறக்காமல் காக்க நிரந்தர ஆட்களை வைத்திருக்க வேண்டியது அரசின் வேலை. அதைச் செய்யாத அரசு, அந்த மக்களின் ஈகையை இன்று பட்ஜெட்டில் மிச்சம் பிடிக்கும் வழியாக வைத்துக்கொண்டிருக்கிறது. பள்ளியில் பாடம் நடத்தச் சம்பளம் உண்டு. அதை மேற்பார்வையிடச் சம்பளம் உண்டு. எழுத்தறிவுத் திட்டத்தை மதிப்பீடு செய்யவும் சம்பளம் உண்டு. கூலிக்காரிக்கு எழுத்துச் சொல்லித்தருபவர் மட்டும் சேவை செய்ய வேண்டும். ஏன்? கற்பவர் ஏழை, கற்பிப்பவரும் பெரும்பாலும் ஏழைப் பெண். கேட்க நாதியில்லை என்ற தைரியம்!

இப்போது எண்ணறிவுப் பாடத்துக்கு ஒரு கணக்கு. புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்துக்கு ஐந்தாண்டு ஒதுக்கீடு 1,037.90 கோடி ரூபாய். இலக்கு 5 கோடிப் பேர். தலைக்குச் சுமார் 208 ரூபாய், அதுவும் ஐந்தாண்டுக்கும் சேர்த்து. பயிற்சி, நூல், தேர்வு, விளம்பரம், பொன்னாடை எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். ஒரு கண்ணாடியும் இரண்டு நோட்டும் வாங்கினால் தீர்ந்துபோகும் காசு இது.

ஐயா அதிகாரிகளே, கற்பிப்பவருக்கு மாதச் சம்பளம் கொடுங்கள். பயிற்சி நாளில் இழந்த கூலிக்கு ஈடு கொடுங்கள். கற்பவருக்குக் கண்ணாடி கொடுங்கள். அதற்குப் பிறகு திறன் மேம்பாடு பற்றிப் பேசலாம். அதுவரை மேம்பட வேண்டியது உங்கள் யோக்கியதை.