பெஞ்சில் ஓர் இடம்

என் முகத்தில் சந்தோஷக் களை இல்லையென்று சென்ற மாதம் என் மருமகள் கண்டுபிடித்தாள். ஈஸிச்சேரில் சாய்ந்தபடி மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்த நான், முந்தின நாள் சாம்பாரில் புளி சற்றுத் தூக்கலாக இருந்ததைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன் என்றாலும், அது மருமகளிடம் சொல்லக்கூடிய விஷயம் அன்று ஆகையால், மௌனமாக இருந்துவிட்டேன். அந்த மௌனமே வியாதிக்கு அத்தாட்சியாகிவிட, மறுநாள் விடியற்காலையில் மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில், கூடி நின்று சிரிக்கும் ஒரு கோஷ்டியின் நடுவே என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

இந்தச் சிரிப்பு வைத்தியத்தை 1995-இல் பம்பாயில் மதன் கடாரியா என்ற டாக்டர், ஐந்தே பேரை வைத்துக்கொண்டு ஆரம்பித்தாராம். முதலில் ஹாஸ்யத் துணுக்குகளைச் சொல்லித்தான் சிரித்திருக்கிறார்கள். சில நாட்களிலேயே சரக்குத் தீர்ந்துபோகவே, காரணமே இல்லாமல் சிரிப்பது என்று ஏற்பாடாயிற்று. இதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. சரக்குத் தீர்ந்த பிறகும் வாரந்தவறாமல் பத்திரிகை நடத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இரு கைகளையும் ஆகாயத்தை நோக்கித் தூக்கி, "ஹோ ஹோ, ஹா ஹா" என்று எல்லோரையும் போல் நானும் முழங்கினேன். மூன்றாவது முழக்கத்தில் என் மேல்வரிசைப் பல்செட் கழன்று, எதிரே நின்ற ஓய்வுபெற்ற தாசில்தாரின் கான்வாஸ் ஷூவின்மேல் விழுந்தது. அதுவரை ஆரோக்கியத்தை உத்தேசித்துச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள், அப்போதுதான் மனப்பூர்வமாகச் சிரித்தார்கள். தாசில்தார் மட்டும் சிரிக்கவில்லை.

"எடுத்துக் கொடுத்திருப்பேன் சார், இடுப்பு வளையமாட்டேன் என்கிறது" என்றார்.

"எனக்கு முழங்கால்" என்றேன் நான், பல் இல்லாத வாயால்.

பல்லைப் பொறுக்கிக் குழாயடியில் அலம்பிக்கொண்டு, இருவரும் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தோம். அங்கே ஏற்கெனவே ரயில்வேயில் கார்டாக இருந்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். "ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள்?" என்று அவர் விசாரித்தார். "மூன்று" என்றேன். "எனக்கு ஐந்து" என்று, பரீட்சையில் முதலாவதாகத் தேறிய பையனைப் போல அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வீட்டில் முழங்கால் என்று வாயெடுத்தால் என் பிள்ளை உடனே ஸ்கானுக்கு நாள் குறித்துவிடுவான். தங்கமான பையன்தான், ஆனால் வலியைப் போக்க வழி தேடுவானே ஒழிய, அதை உட்கார்ந்து கேட்க அவனுக்குப் பொறுமை கிடையாது. இந்த இரண்டு மகானுபாவர்களோ, என் முழங்காலின் பூர்வோத்தரத்தை 1998-ஆம் வருஷத்து மாடிப்படிச் சறுக்கலிலிருந்து கேட்டார்கள்.

பூங்காவுக்குப் பெயர் கொடுத்த காசிநாதுனி நாகேஸ்வர ராவ், 1893-இல் அமிர்தாஞ்சனத்தைத் தயாரிக்க ஆரம்பித்தவர். தலைவலித் தைலம் கொடுத்தவர் பெயரால் விளங்கும் தோட்டத்தில் வலியைப் பேசாமல் வேறெதைப் பேசுவது? பென்ஷனுக்காக, உயிரோடிருப்பதற்குச் சான்று கொடுக்க நவம்பரில் போன கார்டின் கட்டைவிரல் ரேகை, தேய்ந்துபோன காரணத்தால் இயந்திரத்தில் பதியவில்லை. நேரில் நிற்கிற மனிதரைப் பார்த்து, "இன்னொரு விரலை வையுங்கள்" என்றார்களாம். மோதிர விரலால் உயிர் பெற்று வந்த அந்தக் கதையை நாங்கள் நான்கு நாள் பேசி, நான்கு நாளும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

என் முகத்தில் இப்போது களை வந்துவிட்டதாம். சிரிப்பு வைத்தியத்தின் மகிமை என்று மருமகள் அக்கம்பக்கத்திலெல்லாம் சொல்லிவருகிறாள், நானும் மறுக்கவில்லை.

கார்டு ஆறு மாதத்துக்குத் தம் பெண்ணிடம் அமெரிக்கா போயிருப்பதால், பெஞ்சில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. காலை ஆறரைக்கு வரலாம். முழங்காலும் இடுப்பும் எங்களிடம் இருப்பதால், குதிகால் வலிக்காரர்களுக்கு முன்னுரிமை உண்டு.